ஓடாத ரயிலில் சூடான தோசை

சென்ற மாதம் தம்பி மகனை அழைத்துக்கொண்டு ஒரு ‘ரயில் ஓட்டலு’க்குப் போனேன். ஊர் பேர் வேண்டாம். நீங்களும் இதுபோல் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டேஷனுக்கு வெளியே, கார் நிறுத்துகிற இடத்தை ஒட்டி, ஒரு பெட்டி நீளத்துக்கு மட்டும் தண்டவாளம் போட்டு அதன் மேல் பழைய ரயில் பெட்டியை நிறுத்தியிருப்பார்கள். வெளியே பளபள பெயின்ட். உள்ளே ஏ.ஸி. ஜன்னல் கம்பிகளை எடுத்துவிட்டுப் பெரிய கண்ணாடி. பரிமாறுகிறவருக்கு டி.டி.ஆர். மாதிரி கறுப்புக் கோட்டு.

பையனுக்கு எட்டு வயசு. மெனு கார்டை வைத்துவிட்டு, “பெரியப்பா, இது எப்ப கிளம்பும்?” என்றான்.

பதில் சொல்வதற்குள் ஒருவர் படியேறி வந்தார். தோளில் மூட்டை, பின்னால் மனைவி, அவர் இடுப்பில் குழந்தை. கையில் அன்ரிசர்வ்டு டிக்கெட். “நாலு இட்லி பார்சல் கிடைக்குங்களா? வண்டி இருக்குது...” என்றார். “இட்லி தனியா கிடையாது சார். பிளாட்டர்தான். 280 ரூபா” என்றார் கறுப்புக் கோட்டு. மரியாதையாகத்தான் சொன்னார். கேட்டவரும் ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனார்.

அந்தப் பெட்டிக்குள் அன்று ரயில் டிக்கெட் வைத்திருந்த ஒரே மனிதர் அவர்தான் என்று நினைக்கிறேன். நான் காரில் போனவன். பக்கத்து மேஜைக்காரர்கள் பிறந்தநாள் கொண்டாட வந்தவர்கள்.

ரயில் பெட்டி ஓட்டல் என்ற யோசனையே தப்பு என்று நான் சொல்லவில்லை. கிழக்கு ரயில்வே 2020 பிப்ரவரியில் அசன்சோல் ஸ்டேஷனில் இரண்டு பழைய பெட்டிகளை ஓட்டலாக்கியது. 2021 அக்டோபரில் மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸுக்கு வந்தது. பிறகு ஊர் ஊராகப் பரவிவிட்டது. ரயில்வே இதற்கு வைத்திருக்கிற பெயர் ‘கட்டணம் சாராத வருவாய்’. இடத்தையும் பெட்டியையும் கொடுத்து, ஓட்டல்காரரிடம் லைசென்ஸ் கட்டணம் வசூலிக்கிறார்கள். காயலான் கடைக்குப் போகிற இரும்பு காசு சம்பாதித்தால் சந்தோஷம்தானே?

சந்தோஷம்தான். எனக்கும் அந்தப் பெட்டி மேல் தனிப் பிரியம் உண்டு. நம் பெரம்பூர்ப் பிள்ளை அது. 1955ல் நேரு திறந்துவைத்த ஐ.சி.எஃப்.பில், சுவிட்சர்லாந்து கம்பெனி ஒன்றின் வடிவமைப்பை வைத்துக்கொண்டு நம்ம ஊர் ஃபிட்டர்களும் வெல்டர்களும் செய்து அனுப்பிய பெட்டி. அறுபது வருஷத்துக்கு மேல் இந்தியாவையே சுமந்தது. அந்த டிசைனின் கடைசிப் பெட்டி 2018 ஜனவரியில் வெளியே வந்தது. ஒரு பெட்டிக்குக் கணக்குப்படி ஆயுள் 25 வருஷம். அத்தனை வருஷம் ஓடிய பெட்டி ரிட்டயர்மென்ட்டில் ஏ.ஸி. போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் யாருக்கு என்ன பொறாமை?

என் கேள்வி வேறு. ஓடிய காலத்தில் அந்தப் பெட்டியில் நின்றுகொண்டும், கக்கூஸ் கதவருகே குந்திக்கொண்டும் வந்தவனுக்கு அதில் ஒரு இட்லி கூட ஏன் இல்லை?

இது இன்று நேற்றைய விவகாரமில்லை. 1917ல் காந்தி பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்தார். டிக்கெட் 13 ரூபாய் 9 அணா. மூன்றாம் வகுப்புப் பயணிக்கு விற்கிற டீயும் தின்பண்டமும் எவ்வளவு கேவலமாக இருக்கின்றன என்று கட்டுரையே எழுதினார். சரியாக நூறு வருஷம் கழித்து, 2017 ஜூலையில், தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை பார்லிமென்ட்டுக்கு வந்தது. ரயிலிலும் ஸ்டேஷனிலும் மனிதர்கள் சாப்பிடத் தகாத உணவு விற்கப்படுவதாக அது சொன்னது. நடுவில் எத்தனை கமிட்டி, எத்தனை கேட்டரிங் பாலிசி!

ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2023 ஜூலையில் ஜெனரல் பெட்டிகள் வந்து நிற்கிற இடத்துக்கு நேராக, பிளாட்பாரத்திலேயே 20 ரூபாய்க்குப் பூரி, உருளைக்கிழங்கு, ஊறுகாய் விற்க ஏற்பாடு செய்தார்கள். நல்ல காரியம். ஆனால், அந்த 20 ரூபாய்க் கவுன்டர் எந்த ஸ்டேஷனில் இருக்கிறது, எத்தனை மணி வரை இருக்கிறது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ரயில் ஓட்டல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் வழி சொல்வீர்கள். ரிப்பன் வெட்டிய போட்டோ பேப்பரில் வந்ததே!

இன்னொரு கூத்தைக் கேளுங்கள். மணப்பாறை என்றால் முறுக்கு. கடம்பூர் என்றால் போளி. இந்த ஊர்ப் பெயர்களை நாம் பூகோளப் புத்தகத்திலா படித்தோம்? ரயில் ஜன்னலில் கையை நீட்டித்தானே தெரிந்துகொண்டோம்? கூடையைத் தூக்கிக்கொண்டு பெட்டி பெட்டியாக ஓடிய ஆட்கள்தான் அந்த ஊர்களுக்கு விலாசம் வாங்கிக் கொடுத்தவர்கள். இன்று லைசென்ஸ் இல்லாமல் அப்படி ஓடினால் 1989ம் வருஷத்து ரயில்வே சட்டம், 144வது பிரிவு. ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தனிப்பட்ட காரணம் இல்லாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய்க்குக் குறையவே கூடாதாம். ஒரு கூடை முறுக்கில் என்னங்க மிஞ்சும்?

சுத்தம், சுகாதாரம், பாதுகாப்பு என்பார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் சோதனை செய்து, அட்டை கொடுத்து, விற்க விடுங்கள். 2022ல் ‘ஒரு நிலையம் ஒரு பொருள்’ என்று கடை போட்டுக் கொடுத்தார்களே, அந்த வழியை இன்னும் நாலு பங்கு அகலமாக்குங்கள். ரயில் ஓட்டலுக்குச் சிவப்புக் கம்பளம், முறுக்குக்காரனுக்கு ஆர்.பி.எஃப். லத்தி என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

“அந்தக் காலத்து ரயில் அனுபவம்” என்று ஓட்டல் வாசலில் போர்டு வேறு. எந்தக் காலம் சார்? சவுத் இந்தியன் ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு அறைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று இருந்ததே, அந்தக் காலமா? பெரியாரும் அவர் இயக்கத்தாரும் விடாமல் எதிர்த்து, 1941ல்தான் அது ஒழிந்தது. ஒரே டிக்கெட் வாங்கினவன் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு இந்த மண்ணில் சண்டை நடந்திருக்கிறது. இப்போது பெஞ்சைப் பிரிக்க போர்டு வேண்டாம். மெனு கார்டே போதும்.

அமெரிக்காவில் சட்டனூகா என்று ஒரு ஊர். 1909ல் கட்டிய அழகான ஸ்டேஷன் அங்கே உண்டு. 1941ல் வந்த ஒரு ரயில் பாட்டால் ஊர் பெயர் உலகம் முழுக்கப் பரவியது. கார் வந்தது, விமானம் வந்தது, ரயில் குறைந்தது. 1970ல் அந்த ஸ்டேஷனிலிருந்து கடைசிப் பயணிகள் ரயில் போனது. 1973ல் அதே ஸ்டேஷனை ஓட்டலாக்கி, பழைய பெட்டிகளைப் படுக்கை அறைகளாக்கிவிட்டார்கள். அந்த ஊருக்கு இன்று வரை பயணிகள் ரயில் இல்லை. ரயில் பெட்டியில் தூங்கலாம், எழுந்தால் அதே ஊரில் இருப்பீர்கள்! பாரிசிலும் காரே த லியோன் ஸ்டேஷனில் 1901லிருந்து ஒரு ஓட்டல் இருக்கிறது. தங்க முலாமும் ஓவியமுமாக அரண்மனை மாதிரி. அங்கே விலை நம் ரயில் ஓட்டலைவிடப் பயங்கரம். ஆனால், கீழே பிளாட்பாரத்தில் ரயில்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

நம் ரயில் செத்துவிடவில்லை. பிதுங்கிக்கொண்டு ஓடுகிறது. அதனால்தான் கோபம் வருகிறது. முன்னும் பின்னுமாக இரண்டோ நாலோ ஜெனரல் பெட்டி. தீபாவளிக்கு முதல் நாள் எழும்பூரில் அதன் வாசலில் நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் இறங்கிச் சாப்பாடு வாங்கலாம் என்றால், ஏறினவனுக்கு இடம் போய்விடும். இறங்காதவனுக்கு வயிறு போய்விடும்.

எனவே ரயில் ஓட்டல்களை மூடச் சொல்லவில்லை. டெண்டர் நிபந்தனைகளில் ஒரே ஒரு வரி சேருங்கள். ஸ்டேஷன் பக்கமாக ஒரு ஜன்னல். அதில் டிக்கெட்டைக் காட்டுகிறவருக்கு நாலு இட்லியோ தயிர்சாதமோ பார்சல், பிளாட்பாரத்தில் என்ன விலையோ அதே விலைக்கு. கடைசி வண்டி போகிற வரை அந்த ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பிளாட்டரில் சம்பாதிக்கிறவருக்கு இதில் ஒன்றும் முழுகிப் போய்விடாது. அடுத்த டெண்டரை எழுதப்போகிற அதிகாரி தற்செயலாக இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தால், சார், கொஞ்சம் பேனாவை எடுங்கள்.