செல்ஃப் அடிக்கறதுக்கு முன்னால ஸ்பேனரை எடுங்க

இந்த வாரம் சின்ன வெங்காயம் பத்தி எழுதறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இப்ப மனசுல ஒரு கோபம் இருக்கு. அதைக் கொட்டிட்டுத்தான் மத்த வேலை.

எங்க மாமா, அதாவது அம்மாவோட தம்பி, டாக்ஸி ஓட்டினவர். 1976-ஆம் வருஷத்து அம்பாசிடர், பெட்ரோல் வண்டி. கடைசியா இன்ஜினை இறக்கி, போர் பண்ணி, புது பிஸ்டன், ரிங் எல்லாம் போட்டுப் பூட்டிக்கிட்டு வந்தார். வண்டியில ஏத்தறதுக்குள்ள மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்துட்டார். அன்னைக்குக் கட்டுத்தறி ஓரத்துல சாக்குப் போட்டு மூடின இன்ஜின், 17 வருஷமா அங்கேயே கிடந்துச்சு.

மாமா பையன் சென்னையில கம்ப்யூட்டர் வேலை பாக்கறான். போன மாசம் ரெண்டு சிநேகிதங்களோட வந்து இறங்கினான். கையில புது பேட்டரி, ஒரு கேன் பெட்ரோல், ஒரு கேமரா. "மச்சான், காலையில ஏத்தி, சாயங்காலம் செல்ஃப் அடிச்சு ஸ்டார்ட் பண்ணிடலாம். வீடியோ போட்டா பிச்சுக்கிட்டுப் போகும்"னான். "மாப்பிள்ளை, பிச்சுக்கிட்டுப் போறது இன்ஜினாத்தான் இருக்கும்"னு சொல்லிக் குறுக்கே நின்னுட்டேன். அன்னைக்கு ரெண்டு பேரும் முகங்கொடுத்துப் பேசலை.

நீங்களும் அந்த மாதிரி வீடியோ பாத்திருப்பீங்க. இருபது வருஷம் கிடந்த வண்டி, பேட்டரி மாட்டி ரெண்டு அடி அடிச்சதும் புகை கக்கிக்கிட்டு ஓடும். கைதட்டல். அதோட வீடியோ முடிஞ்சிரும். அப்புறம் ஐநூறு கிலோமீட்டர் ஓடினபிறகு பேரிங் தட்டுதா, ஆயில் குடிக்குதான்னு யார் காட்டறாங்க? சில வண்டிக்கு ஒண்ணும் ஆகாமலும் போகலாம், மறுக்கலை. கண்ணை மூடிக்கிட்டு ரோட்டைத் தாண்டறவன் எல்லாருமா அடிபடறான்? அதுக்காக அதை ஒரு வழின்னு சொல்லிக் குடுப்பீங்களா?

இதை நான் படிச்சுட்டுச் சொல்லலை, பட்டுட்டுச் சொல்றேன். கரண்டு மோட்டார் வந்ததும் எங்க கெணத்து ஆயில் இன்ஜினை ஓரங்கட்டிட்டோம். ஒரு வறட்சியில கரண்டு சரியா வரலை, பயிர் காயுது. பழைய இன்ஜினுக்கு ஹேண்டில் போட்டேன், சுத்தலை. ஹேண்டில்ல நீளமா ஒரு பைப்பைச் சொருகி ரெண்டு பேரா மிதிச்சோம். சுத்துச்சு. கூடவே உள்ள ரிங்கும் உடைஞ்சுச்சு, லைனரும் கோடு விழுந்துச்சு. துருப்பிடிச்சு ஒட்டியிருந்ததைப் பிச்சு எடுத்தது நான்தான். இன்ஜின் மேல குத்தம் இல்லை.

கெணத்து மோட்டாரை எடுத்துக்குங்க. பம்புல தண்ணி ஊத்தி ரொப்பாம எந்த விவசாயியாவது சுவிட்சைப் போடுவானா? காத்துல ஓடினா பம்பு கெட்டுப்போகும்னு சின்னப் பையனுக்கும் தெரியும். இன்ஜினும் அதேதானுங்க. பூட்டும்போது பேரிங்குல தடவின ஆயில் 17 வருஷத்துல வடிஞ்சு போயிருக்கும். செல்ஃப் அடிச்சு உடனே தீப்பிடிச்சா, ஆயில் மேல ஏறி வர்ற வரைக்கும் இரும்பு இரும்போட உரசும். ஓடாத 17 வருஷத்தை விட அந்தச் சில நிமிஷம்தான் அதிகமாத் தேய்க்கும்.

டவுன்ல ஒர்க்‌ஷாப்பை மூடிட்டு வீட்டோட இருந்த பாயைப் போய்க் கூட்டிக்கிட்டு வந்தேன். எழுபது வயசு தாண்டினவர். அம்பாசிடர்னா இங்கிலாந்து மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டோட வாரிசு. வங்காளத்து உத்தர்பாராவுல 2014 வரைக்கும் செஞ்சாங்க. இந்த 1489 சிசி இன்ஜினும் அந்த ஊர் வம்சம்தான். பாய்க்கு அதோட ஒவ்வொரு போல்ட்டும் தெரியும்.

அவர் பேட்டரியைத் திரும்பிக்கூடப் பாக்கலை. முதல்ல நாலு பிளக்கையும் கழட்டினார். ஒவ்வொரு ஓட்டையிலயும் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து கொஞ்சம் விட்டார். "நாலு நாள் ஊறட்டும்"னு போயிட்டார். அஞ்சாம் நாள் டேப்பெட் கவரைத் திறந்தார். மூணாவது சிலிண்டர்ல ஒரு வால்வு திறந்த வாக்குல இறுகிக் கிடந்துச்சு. அந்த வழியா ஈரம் உள்ள போய் துரு ஏறியிருந்துச்சு. புகை போற வாய்க்குள்ள குளவி மண்கூடு கட்டியிருந்துச்சு. அப்படியே செல்ஃப் அடிச்சிருந்தா புஷ் ராடு வளைஞ்சிருக்கும்னார் பாய். எங்க மாப்பிள்ளை அப்பத்தான் கேமராவைக் கீழ வச்சான்.

ஹெட்டை இறக்கி, வால்வைக் கழட்டிச் சுத்தம் பண்ணி, துருவைத் தேய்ச்சு எடுத்து, புது கேஸ்கட் போட்டார். சம்ப்பைக் கழட்டினா அடியில கருப்பா மைப்பசை மாதிரி கசடு. வழிச்சு எடுத்தார். இன்ஜின் வெளிய இருக்கும்போதே வாட்டர் ஜாக்கெட் மூடி, கிளட்ச் பிளேட், மவுண்டிங் ரப்பர் எல்லாத்தையும் பாத்துரணும். நூறு ரூபா சாமானுக்காக மறுபடி இன்ஜினை இறக்கறது முட்டாள்தனம்னு அவரே சொன்னார். முன்னால ஹேண்டில் மாட்டற நட்டுல ஸ்பேனர் போட்டு, கையால மெதுவா ரெண்டு சுத்து. இறுகினா நிறுத்திட்டு ஏன்னு பாக்கணும். பைப் சொருகக் கூடாது.

மூணு கால் நட்டு செயின் பிளாக்குல தூக்கி வண்டியில ஏத்தினோம். டேங்குல இருந்த பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி பிசுபிசுன்னு இருந்துச்சு. டேங்கைத் தொடாம, தனியா ஒரு சின்னக் கேன்ல புதுப் பெட்ரோல் வச்சார். கார்புரேட்டரைப் பிரிச்சு ஜெட்டை ஊதினார். ரப்பர் ஓஸ் எல்லாத்தையும் மாத்தச் சொன்னார். இப்ப பங்குல வர்ற பெட்ரோல்ல 20 சதம் வரைக்கும் எத்தனால். பழைய காலத்து ரப்பர் அதுக்குத் தாங்காது, கசிஞ்சா தீ. அந்த எத்தனால்ல எங்க கரும்பும் இருக்கு, அதனால நான் அதைத் திட்ட மாட்டேன். ஓஸை மாத்திக்குங்க, அவ்வளவுதான்.

கடைசியாத்தான் பேட்டரி. அப்பவும் பிளக் போடலை. பிளக் இல்லாம செல்ஃப் அடிச்சா, சிலிண்டர்ல மிச்சமிருக்கற ஆயில் வெளிய தெறிச்சிரும். இல்லேன்னா அது பிஸ்டனுக்கு மேல நின்னு கனெக்டிங் ராடையே வளைச்சிரும். திரவத்தை அமுக்க முடியாதுங்களே. ஆயில் மீட்டர் முள் மேல ஏறினதுக்கு அப்புறம்தான் பிளக்கை மாட்டினார். பக்கத்துல ரெண்டு வாளி மணல். பதினோராம் நாள் இன்ஜின் பேசுச்சு. முழு வேகத்துல முறுக்காம, ஆயில் முள்ளையும் சூட்டையும் பாத்துக்கிட்டே கொஞ்ச நேரம் ஓட விட்டு நிறுத்தினார். சூடு ஆறினதும் அந்த ஆயிலை வடிச்சுட்டு வேற ஆயில் ஊத்தினார். மாப்பிள்ளை அழுதுட்டான். அவங்கப்பன் வண்டிச் சத்தமில்லையா.

இப்பத்தான் என் கோபத்துக்கு வர்றேன். பாய் ஒரு நாளுக்கு 800 ரூபா கேட்டார். சிநேகிதப் பசங்க, "ஊர்ல அவ்வளவா?"ன்னு பேரம் பேசினாங்க. அவங்க கேமராவுக்கு மாட்டியிருந்த லென்ஸ் என்ன விலைன்னு நான் கேட்டேன். பதில் இல்லை. பழைய வண்டி மேல ஆசை, பழைய வண்டி தெரிஞ்ச ஆள் மேல மரியாதை இல்லை. இது என்ன ஆசைங்க? அந்த மாதிரி ஆளுங்க ஒவ்வொருத்தரா போயிக்கிட்டு இருக்காங்க. அவங்க போயிட்டா உங்க அம்பாசிடர் வரவேற்பறையில வைக்கற பொம்மைதான்.

ஊர்க்காரங்களையும் விடமாட்டேன். "இரும்புக் கடைக்கு எடை போட்டுரு"ன்னு எங்கிட்டச் சொல்லாதவங்க இல்லை. கிலோக் கணக்குல பாக்கறவனும், லைக் கணக்குல பாக்கறவனும் ஒண்ணுதான். ரெண்டு பேருக்கும் உள்ள என்ன இருக்குன்னு திறந்து பாக்கப் பொறுமை இல்லை.

உங்க தாத்தா வண்டி ஊர்ல மூடிக் கிடந்தா, அடுத்த தடவை வரும்போது பேட்டரி வாங்கிக்கிட்டு வராதீங்க. பத்து நாள் லீவு போட்டுட்டு வாங்க. அந்த ஊர் பாய், ஆச்சாரி, யாரோ ஒருத்தர் இன்னும் இருப்பார், விசாரிங்க. அவர் கேக்கற கூலியைக் குடுங்க. முதல் நாள் பிளக்கைக் கழட்டி ஆயில் விட்டுட்டு, பேசாம சாப்பிட்டுத் தூங்குங்க. எங்க சாளையில கயித்துக்கட்டில் இருக்கு.