உழைச்செல்வான் யார்?

ஊர்வழக்கிற் சலரோகம் எனப்படும் நீரிழிவோடு யான் வாழத் தொடங்கி 14 ஆண்டுகளாகின்றன. உடம்பிலே நோவில்லை. ஆயினும், உண்ணுங் கவளம் ஒவ்வொன்றையும் எண்ணி உண்பவனுடைய உள்ளம் களைத்துவிடுகின்றது. அதனை ஊரார் சோம்பல் என்பர். யானோ நோயின் மறுபாதி என்பேன்.

1922ஆம் ஆண்டு ரொறன்ரோ நகரிலே இன்சுலின் முதன்முதல் ஒரு சிறுவனுக்கு ஏற்றப்பட்டது. இளையோரை விரைவிற் கொன்ற நோய், அதன்பின் உடன்வாழும் நோயாயிற்று. நெடுநாள் உடன்வாழும் நோய் மனத்தையும் தொடும். சோர்ந்தவன் மருந்தை மறப்பான், நடையை விடுவான். இரத்தத்திற் சீனி ஏறும். ஏறச் சோர்வு பின்னும் வளரும்.

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார்: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உழைச்செல்வான். மருத்துவனையும் மருந்தையும் தேடி ஆசுபத்திரி வாயிலில் நிற்கின்றோம், நான்காமவனை மறந்தோம். உழை என்பது பக்கம். "அதை உண்ணாதே" என்று காவல் செய்பவன் உழைச்செல்வான் ஆகான், மாலையிற் பக்கத்தே நடந்து, "மனம் எப்படி?" என வினவுபவனே அவன்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் பாடசாலையிலும் நோயோடு வாழ்வார் ஒருவர் இருப்பார். அவர் பக்கத்தே செல்லுங்கள். சோர்வு இரு வாரங்கடந்தும் நீங்காதாயின், அதனையும் மருத்துவரிடம் உரைக்கச் சொல்லுங்கள். அதிலே நாணத்திற்கு இடமில்லை.