போரின் சுமையை முகாமுக்குள் பூட்டி வைக்கக் கூடாது

இலங்கைத் தமிழரின் வேலை உரிமை, குடியுரிமை குறித்துக் கிளியனூர் வட்டார விவசாயிகள், வணிகர்கள், கட்டுமானத் தொழில் செய்வோர் அடங்கிய எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

பக்கத்து நாட்டில் போர் மூண்டால் அதன் செலவில் ஒரு பங்கு நம் தலையிலும் விழும். 1983 ஜூலைக் கலவரத்தில் தொடங்கி 2009 மே மாதம் முடிந்த இலங்கைப் போரில் தமிழ்நாடு இதைக் கண்கூடாகப் பார்த்தது. ராமேசுவரம்–தலைமன்னார் கப்பல் நின்றது. பாக் நீரிணையில் மீன்பிடிப்பது உயிரைப் பணயம் வைக்கும் தொழிலானது. போர் ஓய்ந்த பிறகும், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் புறப்பட 2023 அக்டோபர் வரை ஆனது. இடைப்பட்ட காலத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் தாண்டி இங்கே வந்தார்கள். பலர் திரும்பினார்கள், மற்றவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். எங்கள் வட்டாரத்தில் அவர்கள் வாழும் இடம், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் உள்ள கீழ்புத்துப்பட்டு முகாம்.

எங்கள் நிலைப்பாடு

போரால் நின்ற வணிகத்துக்கு நாம் பொறுப்பில்லை. ஆனால் போருக்குத் தப்பி வந்தவர்களின் உழைப்பை நாற்பது ஆண்டுகளாக முடக்கி வைத்திருப்பது நம் சட்டம்தான். அவர்கள் தடையின்றி வேலை செய்யவும், தொழில் நடத்தவும், இந்தியக் குடிமக்களாகவும் வழி திறக்க வேண்டும். இது இரக்கத்துக்காக மட்டும் கேட்பதன்று. இவ்வட்டாரத்தின் பொருளாதாரமும் இதைக் கேட்கிறது.

காரணங்கள்

முகாம் இளைஞர்களில் பலர் பட்டம் படித்தவர்கள். பொறியியல் முடித்தவர்கூடப் பெயிண்ட் அடிக்கப் போகிறார். அரசுத் தேர்வு எழுத முடியாது. குடியுரிமைச் சான்று கேட்கும் நிறுவனமும் எடுத்துக்கொள்ளாது. முகாமில் கணக்கெடுப்பு நடக்கும் நாளில் வேலையை விட்டு வந்து நிற்க வேண்டும். அன்றைய கூலி போய்விடும். மனை வாங்கவோ, கடன் பெற்றுக் கடை வைக்கவோ வழியில்லை. சேமித்தாலும் அந்தப் பணம் முதலீடாக மாறுவதில்லை.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் 317.40 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தர முன்வந்தது, உதவித்தொகையையும் உயர்த்தியது. அப்போது முகாம்களில் 58,822 பேர் இருந்ததாக அரசே கணக்குச் சொன்னது. இதை வரவேற்கிறோம். ஆனால் வீடு கிடைத்தாலும் வேலைக்கான உரிமை கிடைக்காவிட்டால், உதவித்தொகை தலைமுறை தாண்டியும் தொடர வேண்டியிருக்கும்.

மற்ற நாடுகளும் இந்தச் சுமையைச் சந்தித்தவைதான். உகாண்டா 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அகதிகளுக்கு வேலை செய்யவும் நாட்டுக்குள் நடமாடவும் உரிமை தந்தது. சிரியப் போருக்குப் பின் ஜோர்டான், 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் உள்ளிட்டோருடன் உடன்பாடு கண்டு, உதவியும் சந்தைச் சலுகையும் பெற்றுக்கொண்டு சிரியர்களுக்கு வேலை அனுமதி வழங்க முன்வந்தது.

உள்ளூர்க்காரர்களின் வேலை பறிபோகுமே என்று சிலர் கேட்கிறார்கள். முகாம் மக்கள் இப்போதும் வேலை செய்கிறார்கள், உரிமையில்லாமல் செய்கிறார்கள். தட்டிக் கேட்க முடியாத தொழிலாளிக்குக் கூலி குறைந்தால், பக்கத்தில் நிற்கும் உள்ளூர்த் தொழிலாளியின் கூலியும் குறையும். சட்டப் பாதுகாப்பு இருவருக்கும் நல்லது.

போர் முடிந்துவிட்டது, திரும்பிப் போகட்டுமே என்பதும் ஒரு வாதம். போக விரும்புவோருக்குப் பாதுகாப்பான வழி வேண்டும், மறுப்பில்லை. ஆனால் 2022 பொருளாதார நெருக்கடியில் அங்கிருந்து மீண்டும் படகேறி மக்கள் வந்ததை மறக்க முடியாது. இங்கே பிறந்து, இங்கே படித்த பிள்ளைகளுக்குத் திரும்பிப் போக அங்கே எந்த ஊர் இருக்கிறது?

கோரிக்கைகள்

1. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது. இலங்கைத் தமிழரையும் அதில் சேர்க்க வேண்டும்.

2. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லை என்பதற்காகத் தண்டனை கூடாது என்று 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு விலக்கு அளித்தது. அடுத்த படியாக அவர்களுக்கு நீண்டகால விசா வழங்க வேண்டும்.

3. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்கிறது சட்டம். முகாமில் பிறந்த அத்தகையோரை நீதிமன்றத்துக்கு அலையவிடாமல், மாவட்ட நிர்வாகமே கண்டறிந்து ஆவணம் வழங்க வேண்டும்.

4. முகாம் மக்கள் தொழில் தொடங்க வங்கிக் கடன் பெறுவதற்கு மாநில அரசு பிணை நிற்க வேண்டும்.

அரசு முடிவெடுக்கும்வரை நாங்கள் சும்மா இருக்கப் போவதில்லை. எங்கள் உறுப்பினர்களின் வயல், கடை, கட்டட வேலைகளில் முகாமிலிருந்து வருவோருக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் ஒரே கூலி, கணக்கெடுப்பு நாளில் கூலியோடு விடுப்பு என்று தீர்மானித்திருக்கிறோம். சுற்றுவட்டார ஒப்பந்ததாரர்களும் வணிகர்களும் இதையே பின்பற்றும்படி கேட்டுக்கொள்கிறோம்.