வெங்காயத் தோலைக் கொட்டிவிடாதீர்கள்

ஈஸ்டருக்கு வந்த பேத்தி, முட்டைக்கு வண்ணம் பூசச் சாயப்பொடி கேட்டாள். தின்னும் பொருளுக்கு எதற்குக் கடைச்சாயம்? பக்கத்துச் சித்தன்னவாசலில் 9-ஆம் நூற்றாண்டுத் தாமரைக்குளம் மிச்சமிருக்கிறதே, அது சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டியது. முட்டை ஓடும் சுண்ணாம்புதான்.

வெள்ளை முட்டையில் கொத்தமல்லி இலையை ஒட்டி, மெல்லிய துணியால் இறுக்கிக் கட்டினோம். கைநிறைய வெங்காயத் தோல், ஒரு கரண்டி வினிகர் சேர்த்த தண்ணீரில் 10 நிமிடம் வேகவைத்து ஆறவிட்டோம். கட்டை அவிழ்த்தால் செம்பழுப்பில் வெளிறிய இலை! மஞ்சள்தூளில் வெந்தது மஞ்சளாகவே வந்தது.

பேத்தி படம் எடுத்தாள். பிறகு உரித்து, மிளகுத்தூள் தூவித் தின்றாள். கடைச்சாயமென்றால் நான் தின்ன விட்டிருக்க மாட்டேன். முட்டை குப்பைக்குத்தான் போயிருக்கும். அழகுக்காக உணவை வீணாக்கக் குழந்தைகளுக்கு நாமே கற்றுக்கொடுக்கலாமா?