நிற்கும் கால்களும் ஓர் இருக்கையும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

மனத்திற்கு அமைதி தரும் பணியிடம் எப்படி இருக்க வேண்டும்? சுவருக்கு இளம்பச்சை வண்ணம், மேசைமீது பூச்செடி, காற்று வரப் பெரிய சன்னல் என்று பலரும் கூறுவர். இவை நல்லவையே. ஆனால் எங்கள் குடியாத்தம் கடைத்தெருவைப் பார்ப்பவருக்கு அதற்கு முந்திய கேள்வி ஒன்று எழும். அங்கே பணிபுரிவோர் உட்கார ஓர் இடம் உண்டா?

என் தாயார் ஒரு துணிக்கடையில் புடவை எடுத்துப் போடும் பணி செய்கிறார். கண்ணாடிச் சுவர், குளிர்காற்று, பளபளக்கும் தரை, வாடிக்கையாளருக்கு மெத்தை நாற்காலி எல்லாம் அங்கே உண்டு. காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை அம்மா நிற்கிறார். வீடு திரும்பியதும் வெந்நீரில் கால்களை வைத்துக்கொண்டு பேசாமல் அமர்ந்திருப்பார். கெண்டைக்காலில் நரம்புகள் புடைத்திருக்கும்.

அதன் காரணத்தைக் கல்லூரிப் பாடத்தில்தான் அறிந்தேன். காலுக்கு இறங்கிய குருதி மேலேற, கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து அதனை உந்த வேண்டும். சிரைகளிலுள்ள வால்வுகள் அது திரும்ப இறங்காமல் தடுக்கும். அசையாமல் நெடுநேரம் நின்றால் குருதி தேங்கும். சிரைகள் வீங்கிச் சுருள இடமுண்டாகும்.

சட்டம் இதனை அறியாததன்று. நின்று வேலை செய்வோருக்கு இருக்கை வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே கூறிற்று. கடை ஊழியர் நிலைதான் நெடுநாள் கவனிக்கப்படவில்லை. கோழிக்கோட்டுக் கடைகளில் பணிபுரிந்த பெண்கள் போராடியதன் பயனாக 2018-இல் கேரளம் வழிகாட்டியது. நம் மாநிலத்தில் 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் ஒரு திருத்தம் செய்து, எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி வேண்டுமென விதித்தனர்.

இன்று அம்மாவின் கடையிலும் ஸ்டூல் இருக்கிறது. ஆனால் எவரும் அதில் அமர்வதில்லை. ஏனென்று கேட்டேன். "உக்காந்தா வேலை இல்லாம இருக்கேன்னு நெனைப்பாங்கப்பா" என்றார். அப்படி நினைப்பவர் யார்? முதலாளி மட்டுந்தானா? சென்ற தீபாவளிக்கு வேறொரு கடைக்குள் நான் நுழைந்தபோது, அமர்ந்திருந்த பெண் பதறி எழுந்தார். அந்த மரியாதையில் நானும் உள்ளூர மகிழ்ந்தேன். பிறகுதான் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது, வெட்கினேன்.

அமர்ந்தால் வியாபாரம் குறையும் என்பர் சிலர். கால் வலியோடு நிற்பவர் பத்தாவது புடவையைச் சலிப்போடு விரிப்பார். சற்று ஓய்ந்து எழுந்தவரோ முகமலர்ச்சியோடு விரிப்பார். இதில் வியாபாரத்திற்கு நட்டம் ஏது?

ஆகவே நண்பர்களே! உட்காரலாம் என்பதை முதலாளிகள் தம் வாயாலேயே ஊழியருக்குச் சொல்லட்டும். தொழிலாளர் ஆய்வாளர்கள் இருக்கைகளை எண்ணுவதோடு நில்லாது, அவற்றில் எவரேனும் அமர்கிறாரா என்றும் பார்க்கட்டும். நாமோ அடுத்த முறை கடைக்குள் நுழைகையில், எழப்போகும் அக்காவிடம், "இருக்கட்டும், உட்காருங்கள்" என்போம். சுவரின் வண்ணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.