நாற்காலி கிடைக்காதவனுக்கு எது தோல்வி?

இலங்கைப் பேச்சுவார்த்தையை முறித்தது கொழும்பா, புலிகளா? புதுவை முல்லா வீதி டீக்கடையில் இன்றும் இந்த வழக்கு ஓயவில்லை. புத்தளம் அகதி முகாமில் கிடந்தவனை யாராவது கேட்டோமா?

1990 அக்டோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம் வியாபாரிக்குப் புலிகள் தந்த அவகாசம் இரண்டே மணி நேரம்! கடை, சரக்கு, நகை எல்லாம் போயிற்று. வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்கள் சுமார் 75 ஆயிரம் பேர்.

2002 ஏப்ரலில் ஹக்கீமும் பிரபாகரனும் ஒப்பந்தம் செய்தார்கள். செப்டம்பரில் தாய்லாந்தில் பேச்சு துவங்கியது. முஸ்லிம்கள் தனித்தரப்பாக அமரக் கேட்டார்கள். கிடைத்ததோ, அரசுக் குழுவில் ஹக்கீமுக்கு ஓர் இடம்! (அவர் அரசின் அமைச்சரும்கூட!) உரிய நேரத்தில் முஸ்லிம் குழுவை அழைப்பதாகச் சொன்னார்கள். அந்த நேரம் வரவேயில்லை. 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சையே நிறுத்தினார்கள்.

பேச்சு முறிந்தபோது அவன் அழவில்லை என்று ஏசுகிறீர்களே, அதற்கு முன்பே 12 ஆண்டுகளாக அழுதுகொண்டிருந்தவன்தானே அவன்?