மலைநாட்டுக் கம்ப்யூட்டருக்குக் காவல் எது?

ஜவ்வாது மலையின் மீது கம்ப்யூட்டர் ஏறி வெகுகாலமாயிற்று. காவலூர் வானாராய்ச்சி நிலையத்தில் 1986-ம் வருஷத்தில் திறந்து வைக்கப்பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு சாஸ்திரிகள் நட்சத்திரங்களை ஆராய்ந்து வருவதையும், அவ்வாராய்ச்சிக்குக் கம்ப்யூட்டர் துணை நிற்பதையும் நேயர்கள் அறிவர். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது அந்நிலையத்துக் கம்ப்யூட்டரைப் பற்றியன்று. ஜமுனாமரத்தூரிலும், புதூர்நாட்டிலும், அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் சாமை விளைவித்துத் தேனும் புளியும் சேகரித்து ஜீவிக்கும் மலையாளிப் பழங்குடி மக்களின் வீடுகளில், படிக்கும் பிள்ளைகள் வாயிலாகப் புகுந்திருக்கும் சிறிய லாப்டாப்பைப் பற்றியே நாம் பேசுகிறோம்.

தமிழ்நாடு சர்க்கார் 2011-ம் வருஷத்தில் மாணவர்களுக்கு இலவச லாப்டாப் வழங்கும் திட்டத்தைத் தொடங்கினர். கலாசாலை மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருஷங்களில் லாப்டாப் அல்லது டேப்லட் அளிப்பதென்று 2025-ம் வருஷத்து பட்ஜெட்டிலும் அறிவித்தனர். இவை மெச்சத்தக்க காரியங்களே. ஆனால், கதவும் தாழ்ப்பாளும் இல்லாத வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு, "குடியிருந்து சுகப்படுங்கள்" என்று சொல்வது போதாது. கம்ப்யூட்டரைக் கொடுத்தவர்கள் அதைக் காக்கும் வழியையும் கொடுத்தார்களா என்பதே நமது கேள்வி.

கம்ப்யூட்டருக்கு வரும் கேடு இரு வகைப்பட்டது. ஒன்று, வைரஸ் என்று பொதுவாக வழங்கும் நாசகார மென்பொருள். இது ஒரு கம்ப்யூட்டரிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றிச் சென்று, உள்ளேயிருக்கும் எழுத்துக்களையும் படங்களையும் அழிக்கும். அல்லது பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்கும். மற்றொன்று, ஒற்றன் மென்பொருள். இது ஒன்றையும் அழிக்காது. ஓசையின்றி உள்ளே அமர்ந்து, நாம் தட்டும் பாஸ்வேர்டையும், பாங்குக் கணக்கையும், செல்லும் இடங்களையும் அயலானுக்கு அறிவித்துக்கொண்டிருக்கும். முன்னது கொள்ளைக்காரன் என்றால், பின்னது வீட்டோடு தங்கி உளவு சொல்லும் வேலைக்காரன். கொள்ளை போனதை உடனே அறியலாம். உளவு போவதை மாதக்கணக்கில் அறிய முடியாது. ஆகவே இரண்டாவதே அதிக அபாயமானது.

"எங்கள் மலையில் செல்போன் ஸிக்னலே சரியாகக் கிடைப்பதில்லை, வைரஸ் எங்கிருந்து வரும்?" என்று சிலர் கேட்கலாம். இதைப் போன்ற தப்பெண்ணம் வேறில்லை. 1986-ம் வருஷத்தில் லாகூர் நகரத்துச் சகோதரர் இருவர் எழுதிய 'ப்ரெய்ன்' என்னும் வைரஸ் உலகமெங்கும் பரவியது. அப்போது வீடுகளில் இன்டர்நெட் ஏது? பிளாப்பி என்னும் தகட்டின் வாயிலாகவே அது கடல் கடந்தது. 2010-ம் வருஷத்தில் வெளிப்பட்ட 'ஸ்டக்ஸ்நெட்' என்னும் நாசகாரி, வெளியுலகத் தொடர்பே அறுக்கப்பட்டிருந்த ஈரான் தேசத்து நடான்ஸ் அணு நிலையத்தினுள் புகுந்ததற்கும் பென் டிரைவே வாகனமாயிற்று என்பது நிபுணர்களின் முடிவு. ராணுவக் காவலுடைய நிலையத்திற்குள் புகுந்தது, போளூரிலோ ஆலங்காயத்திலோ ஜெராக்ஸ் கடையில் செருகி எடுத்த பென் டிரைவோடு மலையேறி வராதா?

உண்மையில், ஸிக்னல் இல்லாத ஊரில்தான் அபாயம் அதிகம். நகரத்து மாணவன் நண்பனுக்கு ஈமெயிலில் அனுப்புவதை மலைநாட்டு மாணவன் பென் டிரைவில் எடுத்துச் செல்கிறான். அது பத்துக் கம்ப்யூட்டர்களில் நுழைந்து வருகிறது. அன்றியும், நகரத்துக் கம்ப்யூட்டர் தினந்தோறும் தானாகவே அப்டேட் பெற்றுப் புதிய வைரஸ்களை அடையாளம் கண்டுகொள்கிறது. மலைநாட்டுக் கம்ப்யூட்டருக்கோ அது வாரக்கணக்கில் எட்டுவதில்லை. நோயோ நடந்தே வந்து சேர்ந்துவிடுகிறது; மருந்துதான் ஸிக்னலுக்காக மலையடிவாரத்தில் காத்துக் கிடக்கிறது. பென் டிரைவைச் செருகியதும் கோப்புறைகளெல்லாம் மறைந்து, அவற்றின் பெயரில் 'ஷார்ட்கட்' அடையாளங்கள் மட்டும் நிற்கும் விபரீதத்தைப் பார்க்காத மாணவர் நம் நாட்டில் அரிது. பலர் அந்த அடையாளத்தையே திரும்பத் திரும்ப அழுத்தி, வைரஸைத் தம் கையாலேயே விழிப்பித்து விடுகிறார்கள். கோப்புகள் பெரும்பாலும் அழிவதில்லை, ஒளித்து வைக்கப்படுகின்றன. பதறாமல், அப்டேட் பெற்ற காவல் மென்பொருளைக் கொண்டு பென் டிரைவைச் சோதித்துச் சுத்தம் செய்தபின், மறைந்தவற்றை மீட்டுக்கொள்ளலாம்.

இனி, எந்தக் காவல் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது? கடைக்காரரைக் கேட்டால், எதில் லாபம் அதிகமோ அதையே சிபாரிசு செய்வார். ஆகவே ஜனங்கள் தாமே ஆலோசிக்க வேண்டியது அவசியமாகிறது.

முதலாவதாக, பயந்து வாங்கலாகாது. 2012-ம் வருஷத்தில் விண்டோஸ் 8 வெளிவந்தது முதல், விண்டோஸுடனேயே 'டிஃபெண்டர்' என்னும் காவல் மென்பொருள் தனிக் காசில்லாமல் சேர்ந்தே வருகிறது. விண்டோஸ் 11 உடைய கம்ப்யூட்டரில் இதை விழிப்போடு வைத்து, உரிய அப்டேட்களைக் கொடுத்து வந்தால், படிப்புக்கும் கடிதப் போக்குவரத்துக்கும் பயன்படும் சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இதுவே போதுமென்பது நமது அபிப்பிராயம். புதிய லாப்டாப்புடன் சில தினங்கள் மட்டும் இலவசமாக வரும் வேறு காவல் மென்பொருள்கள் கெடு முடிந்ததும் திரையில் பெயராக மட்டும் நிற்கும். புதிய வைரஸை அறியமாட்டா. காசு கொடுத்துப் புதுப்பிக்க விரும்பாதவர்கள் அவற்றை அடியோடு நீக்கிவிட்டு, டிஃபெண்டர் விழித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு காவல் மென்பொருள்களை ஒருங்கே ஓட்டுவதும் தவறு. ஒன்றையொன்று சந்தேகித்து மோதிக்கொள்ள, கம்ப்யூட்டர் நகராமல் நின்றுவிடும்.

இரண்டாவதாக, காவலாளியின் யோக்கியதையை விசாரித்தே அவனை வீட்டில் வைக்க வேண்டும். காவல் மென்பொருள் கம்ப்யூட்டரின் எல்லா அறைகளிலும் நுழையும் அதிகாரம் படைத்தது. அது கெட்டால் காப்பார் யார்? செக் தேசத்தில் பிறந்த 'அவாஸ்ட்' கம்பெனியின் இலவச ஆன்டி-வைரஸை உலகெங்கும் கோடிக்கணக்கானவர் நம்பினர். அக்கம்பெனி, தன்னை நம்பியோர் எந்தெந்த இணையப் பக்கங்களுக்குச் சென்றனர் என்ற விவரங்களைச் சேகரித்து, 'ஜம்ப்ஷாட்' என்ற தன் கிளை ஸ்தாபனத்தின் மூலம் விற்றது அம்பலமாயிற்று. 2020-ம் வருஷத்தில் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தகக் கமிஷன், அவாஸ்ட் 165 லட்சம் டாலர் செலுத்தவேண்டுமென்று அறிவித்தது. ஒற்றனைப் பிடிக்கிறேனென்று வந்தவனே ஒற்று வேலை செய்த கதை இது. இலவசம் என்ற சொல்லைக் கண்டு மயங்குவோர் இதை நினைவில் வைக்கவேண்டும். இலவசமானதெல்லாம் கெட்டதென்று நாம் சொல்லவில்லை. எவனுக்கு எதில் வரும்படி என்று கேட்டறியுங்கள் என்றே சொல்கிறோம்.

மூன்றாவதாக, தேசத்தைப் பற்றிய கேள்வியும் எழுகிறது. ருஷ்ய நாட்டுக் காஸ்பர்ஸ்கி கம்பெனியின் மென்பொருளைத் தன் நாட்டில் விற்கலாகாதென்று அமெரிக்க சர்க்கார் 2024-ம் வருஷத்தில் தடை விதித்தனர். ராஜ்யங்களே அந்நியக் காவலாளியைச் சந்தேகிக்கும் காலம் இது. நம் தேசத்திலும் இத்தொழில் வளர்ந்திருக்கிறது. சென்னையில் 1991-ம் வருஷத்தில் தோன்றிய கே7 கம்பெனியும், புனா நகரத்துக் குவிக் ஹீலும் அன்னியருக்குச் சளைக்காமல் போட்டியிட்டு வருகின்றன. காசு கொடுத்துத்தான் வாங்குவதென்றால், தரம் சமமாயிருக்கும்போது சுதேசிச் சரக்கை ஆதரிப்பதே முறை. ஆனால் சுதேசி என்ற ஒரே காரணத்திற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது நாம் போதிக்கும் தர்மமன்று. ஜெர்மனியிலுள்ள ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவிலுள்ள ஏவி-கம்பாரட்டிவ்ஸ் ஆகிய பரீக்ஷை ஸ்தாபனங்கள் காவல் மென்பொருள்களைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டு வருகின்றன. அவற்றைப் பார்த்துத் தெரிந்துகொண்டு வாங்குவதே விவேகம்.

நான்காவது விஷயம் எல்லாவற்றிலும் முக்கியமானது. எவ்வளவு சிறந்த காவல் மென்பொருளும், ஓட்டை நிறைந்த கம்ப்யூட்டரைக் காப்பாற்றாது. 2017-ம் வருஷம் மே மாதத்தில் 'வான்னாக்ரை' என்னும் நாசகாரி நூற்றைம்பது தேசங்களில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோஸாப்ட் கம்பெனி அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதை ஏற்றியவர்களின் கம்ப்யூட்டரில் அவ்வோட்டை அடைபட்டிருந்தது, அசட்டையாயிருந்தவர்கள் அகப்பட்டுக்கொண்டனர். இப்பாடம் மலைநாட்டிற்கு இன்று நேரே பொருந்துகிறது. விண்டோஸ் 7-க்கு அப்டேட் அளிப்பது 2020 ஜனவரி 14-ந் தேதியோடு நின்றது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு சாதாரண ஆதரவு முடிந்தது. விண்ணப்பித்துக்கொள்ளும் வீட்டுக்காரருக்கு ஒரு வருஷ நீட்டிப்புக்கு மட்டுமே அப்போது வழி செய்யப்பட்டது. சர்க்கார் ஆரம்ப வருஷங்களில் கொடுத்த லாப்டாப்களோ, விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகளைப் பெற்றவையல்ல.

அப்படியானால் அக்காளுக்குக் கிடைத்த லாப்டாப்பில் இன்று தம்பி படிக்கும் வீடுகளின் கதி என்ன? புதிது வாங்கப் பணமில்லை, பழையதற்கோ காவலில்லை. இதற்கு வழியுண்டு. லினக்ஸ் என்னும் சுதந்திர மென்பொருளை ஒரு காசு செலவின்றிப் பழைய லாப்டாப்பில் ஏற்றலாம். உபுண்டு, மின்ட் முதலியன உலகறிந்தவை. நமது ஸீ-டாக் நிலையத்தார் உருவாக்கிய 'பாஸ்' என்பதும் உண்டு. விண்டோஸைக் குறிவைத்து எழுதப்பட்ட வைரஸ் லினக்ஸில் சாதாரணமாக ஓடாது. லினக்ஸுக்கு வைரஸே இல்லையென்று சொல்வது மிகை. அதற்கும் அப்டேட் வேண்டும். எனினும், கதவு பெயர்ந்த வீட்டைவிடத் தாழ்ப்பாளுள்ள குடிசை மேலல்லவா?

விண்டோஸையும் விலையுயர்ந்த மென்பொருள்களையும் கள்ளப் பிரதியாக ஏற்றித் தருவதை ஓர் உபகாரம்போலப் பலர் செய்து வருகின்றனர். "முதலில் ஆன்டி-வைரஸை நிறுத்து, பிறகு இதை ஏற்று" என்று அப்பிரதிகளுடன் வரும் உபதேசமே அவற்றின் யோக்கியதையைக் காட்டிவிடுகிறது. "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது, இந்த நம்பருக்குப் பேசுங்கள்" என்று திடீரெனத் திரையில் தோன்றும் அறிக்கையும் மோசமே. எந்த உண்மையான காவல் மென்பொருளும் இணையப் பக்கத்தில் குதித்து வந்து டெலிபோன் நம்பர் கொடாது. ஏமாந்து பணம் இழந்தவர்கள் வெட்கத்தால் மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யவேண்டும். தாமதிக்குந்தோறும் பணம் கை மாறிப் போய்விடும்.

இந்திய சர்க்கார் ஒன்றும் செய்யவில்லையென்று நாம் கூறமாட்டோம். 2017 பிப்ரவரியில் 'ஸைபர் ஸ்வச்சதா கேந்திரம்' ஏற்பட்டது. வைரஸ் நீக்கும் கருவிகளை அது இலவசமாகக் கொடுக்கிறது. கண்ட பென் டிரைவும் நுழையாதபடி தடுக்கும் 'யூ.எஸ்.பி. பிரதிரோத்' என்ற கருவியையும் முன்வைத்தது. 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கம்ப்யூட்டர் ஒன்றில் நாசகாரி புகுந்ததை அணுமின் கழகத்தாரே ஒப்புக்கொண்ட பிறகு, இது விளையாட்டு விஷயமன்று என்பதை யாவரும் உணர்ந்தனர். ஆனால் டில்லியில் ஏற்றிய விளக்கு ஜமுனாமரத்தூரில் வெளிச்சம் தரவில்லையே! கருவி இணையத்தில் இருக்கிறது. இணையமோ மலையில் இல்லை.

ஆகவே நாம் கேட்பவை அதிகமல்ல. டிஃபெண்டருக்கு வேண்டிய அப்டேட்டைத் தனிக் கோப்பாக இறக்கி, இணையமில்லாத கம்ப்யூட்டரிலும் ஏற்றிக்கொள்ள மைக்ரோஸாப்ட் கம்பெனியே வசதி செய்திருக்கிறது. இதை வாரம் ஒருமுறை இறக்கி, மலைமீதுள்ள இ-சேவை மையங்களிலும் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் வைத்து, வருவோர்க்குச் சுத்தமான பென் டிரைவில் இலவசமாய் வழங்க வேண்டும். வருவோரின் பென் டிரைவைச் சோதித்துக் கொடுக்கவும் அங்கேயே ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். பழைய லாப்டாப்களில் லினக்ஸ் ஏற்றித்தர வருஷத்தில் சில தினங்கள் முகாம் நடத்த வேண்டும். செய்யத்தக்கது, தகாதது இரண்டையும் எளிய தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு ஒவ்வொரு லாப்டாப்புடனும் கொடுக்க வேண்டும். இவற்றிற்குக் கோடி கோடியாகப் பணம் வேண்டியதில்லை. மனம் வேண்டும், ஒரு மாணவன் தன் ஜாதிச் சான்றிதழையும், உபகாரச் சம்பள விண்ணப்பத்தையும், மூன்று வருஷத்துப் படிப்பையும் அந்தச் சிறு பெட்டியில்தான் வைத்திருக்கிறான் என்ற நினைவு வேண்டும்.

சர்க்கார் செய்யும் வரையில் ஜனங்கள் கைகட்டி நிற்கவேண்டியதுமில்லை. முக்கியமான கோப்புகளுக்கு வேறொரு பென் டிரைவில் பிரதி எடுத்துத் தனியே வைப்பதற்கு எவருடைய உத்தரவும் தேவையில்லை. கலாசாலையிலிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்பும் இளைஞர்கள், தம் ஊரிலுள்ள கம்ப்யூட்டர்களை ஒருமுறை சோதித்துச் சுத்தம் செய்து கொடுத்தால், அதுவே சிறந்த ஊர்ப்பணியாகும். தலைமுறை தலைமுறையாகக் கல்வி மறுக்கப்பட்டிருந்த மலைமக்களின் வீட்டிற்குக் கல்வியின் கருவி இப்போதுதான் வந்திருக்கிறது. அதைக் கள்வன் கையில் போகவிடாமல் காப்பது, அதைக் கொடுத்தவர்களுக்கும் பெற்றவர்களுக்கும் பொதுவான கடமையென்பதை நாம் வற்புறுத்திச் சொல்லுகிறோம்.